மிளகாய் போடுவதற்கு முன் எடுத்து வைத்த பருப்பு

எங்கள் பழைய கணக்கெடுப்புக் கூட்டத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. பெரும்பாலும் பிறந்தநாள் கேக்கும் காலை வணக்கப் பூவும்தான் வரும். போன மாதம் அதில் ஷமீமா ஒரு குரல்செய்தி போட்டாள். காயல்பட்டினத்துப் பெண், ஷார்ஜாவில் என்னோடு வீடு வீடாக அலைந்து வேலை பழகியவள்.

"அக்கா, இனிமே கதவெல்லாம் தட்ட வேண்டாமாம். விசா, ஐடி, வாடகை ஒப்பந்தம் எல்லாம் கம்ப்யூட்டர்லயே இருக்காம். அதுலேர்ந்தே ஜனத்தொகைய எடுத்துருவாங்களாம். நம்ம தொழிலு கலாஸ், முடிஞ்சுது. நீங்க அந்தக் காலத்துல எப்படி எண்ணுனீங்கன்னு எழுதுங்களேன்."

'அந்தக் காலம்' என்று அவள் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. ஓய்வு பெற்று அல் ஐனில் மகள் வீட்டுக்கு வந்து, கொண்டுவந்த பெட்டிகளையே நான் இன்னும் முழுசாகப் பிரிக்கவில்லை. அதைவிடப் பிடிக்காதது, கம்ப்யூட்டருக்கு எல்லாம் தெரியும் என்று அவள் நம்பியது. யாருக்காவது எல்லாம் தெரியும் என்று கேள்விப்பட்டால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். இது இன்று நேற்று வந்த குணம் இல்லை. என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் வருகிறவர்கள் போகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பார்: "வானத்துலேர்ந்து சம்மனசு எறங்கி வந்து கதவத் தட்டுனாலும் எம் பொண்டாட்டி மொதல்ல ஐடி கேப்பா."

அவர் ஏசி டெக்னீஷியன். தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து கல்யாணம் முடிந்த கையோடு என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து ஒரு சர்வே கம்பெனி என்னை எடுத்துக்கொண்டது. குடும்பங்கள் இருக்கிற வீட்டுக்குள் ஆம்பிளைகளை விடமாட்டார்கள், அதனால் பேசத் தெரிந்த பொம்பிளைகள் வேண்டியிருந்தது. ஒரு ஓட்டல் ஹாலில் சில நாள் பயிற்சி, கழுத்தில் ஒரு அட்டை, கையில் ஒரு டேப்லெட். அவ்வளவுதான் படிப்பு. மிச்சத்தை உஸ்தாத் சொல்லிக்கொடுத்தார்.

உஸ்தாத், அதாவது வாத்தியார், என்பது நாங்கள் கூப்பிட்ட பெயர். சூடான்காரர், எங்கள் மேற்பார்வையாளர். நெடுநெடுவென்ற உயரம், மெல்லிய குரல். கதவை எப்படித் தட்ட வேண்டும் என்றே ஒரு முழு நாள் காட்டினார். விரல் மடக்கால் தட்டிவிட்டு, பின்னால் நகர்ந்து, கதவுக்குத் தோளைக் காட்டி ஒருக்களித்து நிற்க வேண்டும். திறக்கிற பெண்ணின் முகத்துக்கு நேரே நம் முகம் இருக்கக்கூடாது. இரண்டு கையும் வெளியே தெரிய வேண்டும். அவர்கள் கையைப் பார்த்த பிறகுதான் டேப்லெட்டைப் பையிலிருந்து எடுக்க வேண்டும். முதல் தடவை போகும்போது டீ கொடுத்தால் குடிக்கக்கூடாது, இரண்டாவது தடவை மறுக்கக்கூடாது. சட்டென்று பதில் சொல்கிறவனை நம்பாதே என்பார். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் உண்மை பேசுகிறவன் ஒரு நொடியாவது யோசிப்பானாம்.

கேள்வியும் எங்களுக்கு ஒன்றுதான்: நேற்று ராத்திரி இந்த வீட்டில் யார் யார் தூங்கினார்கள்? விசா இருக்கிறதா, வாடகை ஒப்பந்தத்தில் பெயர் இருக்கிறதா என்பதெல்லாம் எங்கள் வேலை இல்லை. "கார்டு மாஃபி? ஆத்மி ஹை? லிக்கோ" என்பார் உஸ்தாத். கார்டு இல்லையா, ஆள் இருக்கிறானா, அப்படியானால் எழுது. பாதி அரபி, பாதி இந்தி. எங்கள் எல்லோருக்கும் பொதுவான பாஷை அதுதான்.

நான் முதன்முதலில் போனபோது ஷார்ஜாவின் முவைலா பகுதியில் பாதி மணல்தான். பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் கட்டடங்கள் முளைத்துக்கொண்டே போயின. ஒரே மாடியில் எகிப்துக்காரக் குடும்பம், எதிரே பிலிப்பைன்ஸ் பெண்கள், பக்கத்தில் மலையாளிகள், அதற்கும் பக்கத்தில் நம்மவர்கள். நம்மவர்களிலும் ஒரு தினுசா? கோயம்புத்தூர் இன்ஜினியர் குடும்பம், ராமநாதபுரத்துக் கடைக்காரர், எங்கள் பக்கத்து நர்ஸ் பிள்ளைகள், யாழ்ப்பாணத்துக்காரர். கூடிக்கொண்டேதான் போனார்கள். ஆனால் எத்தனை பேர் என்று கேட்டால் ஒருத்தரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள். பொங்கல் விழா மேடையில் ஏறி நாம் இங்கே லட்சக்கணக்கில் இருக்கிறோம் என்று முழங்குகிற அதே மனுஷன், வீட்டுக் கதவில் நான் போய் நின்றால், "நானும் வைஃபும் மட்டுந்தான் மேடம்" என்பார். உள்ளே தடுத்த அறையில் யாரோ தும்முவது எனக்குக் கேட்கும்.

அதனால் நான் எனக்கென்று ஒரு வழி வைத்திருந்தேன். ஆளை எண்ண வேண்டாம், அரிசியைக் கேட்போம். "எவ்வளவு அரிசி போடுதீய?" என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டால் நம் பெண்களுக்குப் பொய் வராது. ஆளைக் குறைத்துச் சொல்கிறவள் கூட அரிசியைச் சரியாகச் சொல்லிவிடுவாள். சமையல் அவள் கௌரவம்.

அப்படித்தான் ஒரு சுற்றில் அந்த ஃப்ளாட்டுக்குப் போனேன். பிளைவுட் வைத்து அறை அறையாகத் தடுத்து, கட்டிலுக்குக் கட்டில் வாடகைக்கு விட்டிருந்த இடம். ஷார்ஜாவில் இதற்கு அனுமதி கிடையாது. ஆனாலும் ஊரெல்லாம் உண்டு. காலை நேரம். ஒரு பெண் சங்கிலியைக் கழற்றாமல் கதவை விரலிடையளவு திறந்தாள். வனிதா என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுக்கோட்டைப் பக்கம்.

"எல்லாரும் டூட்டிக்குப் போயிட்டாக. நான் சமைச்சுப் போட வந்துருக்கேன்க்கா. இங்க இருக்கல."

சட்டென்று வந்த பதில். நான் தோளைச் சாய்த்தபடியே நின்றேன்.

"அப்ப நேத்து ராத்திரி இங்க யாரு யாரு தூங்குனாங்களோ, அவுங்க பேரச் சொல்லு பிள்ள. எழுதிட்டுப் போயிருதேன்."

'பிள்ள' என்று கூப்பிட்டதைக் கேட்டதும் சங்கிலி கழன்றது. அடுப்பில் குக்கர் இருந்ததால் என்னைச் சமையலறை வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினாள். பேச்சிலர் பையன்கள் பெயரையெல்லாம் சொன்னாள். அரிசியும் கணக்குக்குப் பொருந்தி வந்தது. முடித்துக் கிளம்புகிற நேரம், அவள் குக்கரைத் திறந்து வெந்த பருப்பைக் கடைந்தாள். கடைந்ததில் கொஞ்சத்தைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்து, ஒரு சொட்டு நெய் விட்டு, தட்டுப் போட்டு மூடி ஓரமாக வைத்தாள். அதற்குப் பிறகுதான் மிச்சப் பருப்பில் புளியும் மிளகாய்ப்பொடியும் போனது. வாய் என்னோடு பேசிக்கொண்டிருந்தது, கை அதன் பாட்டுக்கு இதைச் செய்தது.

பிள்ளை வளர்த்த எவளுக்கும் அது தெரியும். காரம் போடுவதற்கு முன்னால் எடுத்து வைக்கிற பருப்பு யாருக்கு?

"அது யாருக்கு பிள்ள?"

"எனக்குத்தான்க்கா. வயித்துப் புண்ணு."

சொல்லிவிட்டுக் கொதிக்கிற சாம்பாரை உள்ளங்கையில் விட்டு நக்கினாள். இன்னும் ஒரு கரண்டி மிளகாய்ப்பொடி அள்ளிப் போட்டாள். வயிற்றுப் புண்காரி!

நான் பால்கனிக் கொடியைப் பார்த்தேன். முழுக்க ஆம்பிளைத் துணி. ஒரு சின்னச் சட்டை கூட இல்லை. அதுதான் எனக்கு இடித்தது. பிள்ளை இருந்தால் துணி இருக்க வேண்டும். துணியைக் கூட மறைத்துக் காயப்போடுகிறாள் என்றால், அது யார் பிள்ளை? தூக்கிக்கொண்டு வந்ததா? எவளோ டூட்டிக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனதா? படியிறங்கும் வரைக்கும் என் புத்தி நல்லதாக ஒன்றைக் கூட நினைக்கவில்லை.

உஸ்தாத் கீழே வண்டியில் இருந்தார். ஏறி உட்கார்ந்து வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன். காரணம் இருந்தது. முந்தைய சுற்று ஒன்றில் நாங்கள் எண்ணி முடித்த வேறொரு கட்டடத்தின் கீழே, டீக்கடையில் அவர் ஒரு நகராட்சி ஆளோடு நின்று பேசியதை நான் பார்த்திருக்கிறேன். கொஞ்ச நாளில் அந்தக் கட்டடத்தில் பிளைவுட் அத்தனையும் பிய்த்து எறியப்பட்டது. இருந்தவர்கள் பாயும் பெட்டியுமாகத் தெருவில் நின்றார்கள். இரண்டுக்கும் முடிச்சுப் போடாமல் இருக்க என்னால் முடியவில்லை.

மனசில் வைத்துக்கொண்டு வேலை பார்க்கவும் எனக்கு வராது. நேராகவே கேட்டேன். "உஸ்தாத், அன்னைக்கு நீங்கதான் சொன்னீங்களா?"

அவர் அதுவரை என்னிடம் கோபப்பட்டதில்லை. முகம் கறுத்தது. ஆனாலும் அதே மெல்லிய குரலில் கேட்டார்.

"இல்லைன்னு சொன்னா நம்புவியா?"

"தெரியல."

"அச்சா. அப்ப நீ என்கிட்ட எதையும் சொல்லாதே. எந்த வீடு, எந்த மாடி, ஒண்ணும் வேண்டாம். இரண்டாவது தடவை போக உனக்கு அனுமதி இருக்கு. அந்த வீட்டுக்காரி வாயால சொன்னா எழுது. சொல்லலைன்னா எழுதாதே."

அவர்தான் காட்டிக்கொடுத்தாரா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் தன்னை நம்பு என்று அவர் கேட்கவில்லை. அந்த ஒரு விஷயத்துக்காக அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது.

அது பொது மன்னிப்புக் காலம். விசா முடிந்து தங்கியவர்கள், முதலாளியிடமிருந்து ஓடிவந்தவர்கள் எல்லாம் தண்டனை இல்லாமல் ஊருக்குப் போகலாம் என்று அறிவித்திருந்தார்கள். அது முடிய அதிக நாள் இல்லை. முடிந்தபின் பிடிபட்டால் ஜெயில்தான். இதை மனசில் வைத்துக்கொண்டு இரண்டாவது தடவை போனேன். வனிதா டீ கொடுத்தாள். குடித்தேன்.

"நான் பிள்ளையக் கேக்க வரல. மன்னிப்பு முடியப் போவுதுன்னு சொல்ல வந்தேன்."

"எந்தப் புள்ள? இங்க புள்ள ஏதுக்கா?"

"மொளகா போடாம பருப்பு எடுத்து வச்சியே, அந்தப் பிள்ள."

அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த அமைதியைக் கேட்டு நான் போய்விட்டேன் என்று நினைத்ததோ என்னவோ, தடுப்புக்குப் பின்னால் இருந்த திரை விலகி ஒரு பெண் குழந்தை எட்டிப் பார்த்தது. பள்ளிக்கூடம் போகிற வயசு.

"அம்மா, போயிட்டாகளா?"

குசுகுசுவென்றுதான் கேட்டது. நான் எதிரே நிற்பதைப் பார்த்த பிறகும் குரல் ஏறவில்லை. "தண்ணி வேணும்" என்றது, அதுவும் குசுகுசுதான். பிறகுதான் எனக்குப் புரிந்தது. அந்தப் பிள்ளைக்கு வேறு குரலே பழக்கமில்லை. பிறந்ததிலிருந்து அப்படித்தான் பேசி வளர்ந்திருக்கிறது.

"ஒம் பேரு என்னம்மா?"

குழந்தை அம்மாவைப் பார்த்தது. அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அது வாயை மூடிக்கொண்டது.

"ஒம் பிள்ளதானா?" என்று நான் கேட்டேன். ஈவிரக்கம் இல்லாத கேள்விதான். ஆனால் கேட்காமல் என்னால் ஒரு அடி நகர முடியாது.

வனிதா கோபப்படவில்லை. "காட்டுறதுக்கு எங்கிட்ட ஒரு காகிதம் இல்லக்கா. எங்க ரெண்டு பேரு மொகத்தையும் பாத்துக்கங்க" என்று பிள்ளையை இழுத்துப் பக்கத்தில் நிறுத்தினாள். பார்த்தேன். அதே மேல்தூக்கிய புருவம், அதே எடுப்பான முன்பல். பேச்சுக்கு இடமில்லை.

அவள் ஒரு வீட்டில் வேலைக்கு வந்தவள். வந்த அன்றைக்கே கஃபீல், அதாவது விசா எடுத்துக்கொடுத்த முதலாளி, பாஸ்போர்ட்டை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். அடி தாங்காமல் ஒருநாள் ஓடிவந்துவிட்டாள். இங்கே ஒருத்தனோடு குடும்பம் நடத்தினாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் பிடிப்பார்கள் என்று, தெரிந்த நர்ஸ் ஒருத்தியின் கையால் அறையிலேயே பிரசவம். லீவில் ஊருக்குப் போன அவன் திரும்பவில்லை, போனையும் மாற்றிவிட்டான். தாய்க்கும் பிள்ளைக்கும் எந்த நாட்டுப் பதிவிலும் இடமில்லை. ஷமீமாவின் கம்ப்யூட்டரைக் கேட்டால் அந்தச் சமையலறையில் நான் ஒருத்திதான் நின்றேன் என்று சொல்லும்.

துணைத் தூதரகத்தில் உதவிக்கு ஆள் இருக்கிறது, தாயும் பிள்ளையும்தான் என்று நிரூபிக்க ரத்தப் பரிசோதனை செய்வார்கள், பாஸ்போர்ட் இல்லாமலே ஊருக்குப் போக அவுட்பாஸ் தருவார்கள், நானே பேசியிருக்கிறேன் என்றெல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒரே கேள்வி.

"ஒங்கள யாருக்கா அனுப்புனது?"

"யாரும் அனுப்பல பிள்ள."

"யாரும் அனுப்பாம ஒருத்தவுக எதுக்கு இம்புட்டு மெனக்கெடணும்?"

நியாயமான கேள்வி. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

"சரிக்கா. ஒங்க ஐடி கார்ட எங்கிட்டக் குடுத்துட்டுப் போங்க" என்றாள் வனிதா. "என் பாஸ்போர்ட்ட வாங்கி வச்சவரு, நான் ஓடக்கூடாதுன்னுதான வச்சாரு? அதே மாதிரி ஒங்க கார்டு எங்கிட்ட இருக்கட்டும். நாங்க போன எடத்துல எங்களப் புடிச்சாகன்னா, கார்டோட சேத்து ஒங்க பேரையும் சொல்லுவேன். நல்லபடியா முடிஞ்சா திருப்பித் தாரேன்."

இந்த ஊரில் அந்தக் கார்டு இல்லாமல் ஒரு ஆஸ்பத்திரி வாசலைக் கூட மிதிக்க முடியாது. ஓடிவந்த ஒருத்தியிடம் என் கார்டு இருந்தது என்று தெரிந்தால் வேலை போகும், விசா போகும். சம்மனசிடமே ஐடி கேட்கிறவளிடம் ஐடி கேட்கிறாள்! என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

பிள்ளை இன்னும் தண்ணீர் குடிக்கவில்லை. தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் பையைத் திறந்து கார்டை எடுத்துக் கொடுத்தேன். கொடுத்த மறு நொடியே திருப்பிக் கேட்கலாமா என்றும் தோன்றியது.

வீட்டில் மகளிடம் சொன்னபோது, "மம்மி, ஆர் யூ சீரியஸ்?" என்று கத்தினாள். ரோட்டில் போலீஸ் வண்டியைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போனேன். அரபிப் பெயரில் போன் வந்தால் எடுக்கவில்லை. கார்டைக் கொடுத்தபோது வாங்கி வைத்த நம்பரில் வனிதாவை நான் கூப்பிட்டால் அவள் எடுக்கவில்லை. மன்னிப்பு முடிய இருந்த கடைசி வாரத்தில் பொறுக்கமுடியாமல் அந்த ஃப்ளாட்டுக்குப் போனேன்.

லீவில் இருந்த ஒரு பையன் கதவைத் திறந்தான். தஞ்சாவூர்ப் பக்கம்.

"அந்தக்காவா? தெரியாதுங்க. வேலைய விட்டுட்டாங்க. எங்க போனாங்கன்னு தெரியாதுங்க."

சட்டென்று வந்த பதில். அவனுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குச் சொல்லமாட்டான். திரை இல்லை, திரைக்குப் பின்னால் பாயும் இல்லை. அடுப்பு துடைத்துச் சுத்தமாக இருந்தது. படியிறங்கும்போது எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. கார்டை யாருக்கோ விற்றுவிட்டாள், வேறு ஊருக்கு ஓடிவிட்டாள், நான் தப்புக்கணக்குப் போட்டுவிட்டேன் என்று முடிவே கட்டிவிட்டேன். பிள்ளை வளர்த்த நானே ஒரு கிண்ணப் பருப்பில் ஏமாந்தேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. எடுக்கலாமா என்று யோசித்துத்தான் எடுத்தேன். பின்னால் ஒலிபெருக்கியில் ஏதோ விமான அறிவிப்பு கேட்டது.

"அக்கா, வனிதா பேசுறேன். ஏர்போர்ட்டு உள்ள வந்துட்டோம். நீங்க சொன்ன அவுட்பாஸ்ல முத்திரை குத்திட்டாக. யாரோ ஒரு அண்ணன் போனு வாங்கிப் பேசுறேன்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்தேன்.

"நீங்க கூப்புட்டப்ப எடுக்காம இருந்துட்டேன், தப்பா நெனைக்காதீக. முத்திரை விழுற வரைக்கும் ஒங்கள நம்பக்கூடாதுன்னு இருந்தேன். கார்டு கிச்சன்ல, பருப்பு டப்பாவுக்குள்ள, அடியில இருக்கு. சமைக்கத் தெரியாத பயலுக, அதுல எவனும் கை விட மாட்டானுக. போயி எடுத்துக்கங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "அன்னைக்கு ஒரு கேள்வி கேட்டீகள்ல? யாரு யாரு தூங்குனாகன்னு. நாங்க ரெண்டு பேரும் அங்கதான்க்கா தூங்குனோம். எழுதிக்கங்க."

"பிள்ள பேரு?"

"அவளே சொல்லட்டும்."

போன் கைமாறியது. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு வழக்கம்போல அந்தக் குசுகுசுப்பு. ஒன்றும் விளங்கவில்லை.

"சத்தமாச் சொல்லுடி. இனிமே சத்தமாச் சொல்லலாம்" என்றாள் அம்மா.

பிள்ளை கத்தியது. நான் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்கும்படி அவ்வளவு சத்தம். அந்த விமான நிலையத்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள். நிறுத்தாமல் மறுபடியும் மறுபடியும் கத்திக்கொண்டே இருந்தது. நான் சாப்பிட்ட கையோடு அழுதேன்.

டேப்லெட்டில் அந்த வீட்டைத் திறந்து இரண்டு பேரைச் சேர்த்தேன். உஸ்தாத் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை. கார்டு பருப்பு டப்பாவுக்குள்தான் இருந்தது.

ஷமீமா, நீ கேட்டாய், எழுதிவிட்டேன். அந்தப் பிள்ளையின் பெயரை மட்டும் இங்கே சொல்லவில்லை. இதை நீ யார் யாருக்கு அனுப்புவாயோ, அவர்களையெல்லாம் எனக்குத் தெரியாது.